ஜீரோ பாயிண்டுக்குத் தண்ணி எப்ப வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, புளியோதரை மயக்கத்தில் சோபாவில் சாய்ந்திருந்தேன். அம்மாவிடமிருந்து போன். சித்தூரில் மழையா, சிட்னியில் குளிரா, பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்ற விசாரணையெல்லாம் முடிந்ததும் வழக்கமான கேள்வி வந்தது.

"எப்பதான்டா ஒரேயடியா வரப்போறீங்க?"

"இன்னும் ரெண்டு வருஷம்மா."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இதே பதிலைத்தான் 2009-ல் இங்கே வந்த முதல் மாசமும் சொன்னேன். விலைவாசி மாறிவிட்டது, வீடு மாறிவிட்டது, தலைமுடி போயே விட்டது. அந்த ரெண்டு வருஷம் மட்டும் அப்படியே இருக்கிறது :-)

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு வேலையே அடுத்தவர் சொல்லும் தேதியைச் சந்தேகப்படுவதுதான். வங்கியில் கட்டுமானக் கடன் பிரிவு. "பதினாலு மாசத்துல முடிச்சிடுவோம் சார்" என்று காகிதம் நீட்டுபவரிடம், "முடியாவிட்டால்?" என்று கேட்பதற்குத்தான் சம்பளம். அந்தக் கேள்வியை நான் வேலையில் கற்றுக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், கற்றுக்கொடுத்தது ஒரு கால்வாய். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

எங்கள் மாமா கதை

அம்மாவின் அண்ணன் சத்தியவேடு பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். சித்தூர் மாவட்டத்தின் கிழக்கு மூலை அது (2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்த பிறகு திருப்பதி மாவட்டம்). அந்தப் பக்கம் நம் ஊத்துக்கோட்டை. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். மாமாவுக்கு நாலு ஏக்கர். வேர்க்கடலை, மழை நன்றாக இருந்தால் கொஞ்சம் நெல். ஒரு பழைய கிணறு.

எண்பதுகளின் நடுவில் அந்தக் கிணறு வற்ற ஆரம்பித்தது. ஆழப்படுத்தலாம், இல்லையென்றால் போர் போடலாம். இரண்டுக்கும் கடன் வாங்க வேண்டும். மாமா வாங்கவில்லை. ஏனென்றால் "கிருஷ்ணா தண்ணி வரப்போகுது". எப்போது? "அடுத்த வருஷம்."

இதை அவருக்கு எந்த அதிகாரியும் சொல்லவில்லை. டீக்கடையில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். நான் ஸ்கூல் லீவுக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன். "மாமா, தண்ணி எப்ப வரும்?" "அடுத்த வருஷம் நீ வர்றப்ப கால்வாய்ல நீச்சல் அடிக்கலாம்டா பாபு." ஐந்தாவது படிக்கும்போதும் அதே பதில், எட்டாவது படிக்கும்போதும் அதே பதில்.

கால்வாயின் கதை

இப்போது கொஞ்சம் சரித்திரம். நம் பிள்ளைகளுக்குச் சென்னைத் தண்ணீர் என்றால் லாரிதான் தெரியும். அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய சமாச்சாரம் இருக்கிறது என்று தெரியாது.

கிருஷ்ணா நதியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் தருவது என்று மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் 1976-ல் ஒப்புக்கொண்டன. ஆளுக்கு 5 டிஎம்சி, மொத்தம் 15. (டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி.) வழியில் ஆவியாகிப் போவது 3 என்று கழித்துவிட்டு, தமிழ்நாட்டு எல்லையில் 12 டிஎம்சி தர வேண்டும். 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆர். அரசும் என்.டி.ஆர். அரசும் ஒப்பந்தம் போட்டன. ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 என்று கணக்கும் எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாசமே, 1983 மே-யில், சென்னையில் இந்திரா காந்தி திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பெயர் தெலுங்கு கங்கை.

பாதையைப் பாருங்கள். ஸ்ரீசைலம் அணையில் போத்திரெட்டிபாடு மதகு. அங்கிருந்து கர்நூல், கடப்பா மாவட்டங்களின் கால்வாய்களும் ஏரிகளும். பிறகு பெண்ணாற்றில் சோமசீலா. பிறகு கண்டலேறு. அங்கிருந்து வெங்கடகிரி, காளஹஸ்தி, வரதய்யபாளையம், சத்தியவேடு பக்கமாக 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி, ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டு எல்லை. அந்த இடத்துக்குத்தான் ஜீரோ பாயிண்ட் என்று பெயர். அதற்கப்புறம் 25 கிலோமீட்டர் போனால் பூண்டி ஏரி.

நான் கணக்குப் பார்ப்பவன், அதனால் எனக்குப் படுவது இதுதான். இது ஒரு வேலை இல்லை, வரிசையாகக் கோத்த வேலைகள். பத்தில் ஒன்பது முடிந்தாலும் கடைசி முனையில் சொட்டுத் தண்ணீர் வராது. ஒவ்வொரு துண்டிலும் நிலம் எடுக்க வேண்டும், பணம் வர வேண்டும், மாநிலங்கள் பேசி முடிக்க வேண்டும். சங்கிலியில் எந்தக் கண்ணி தாமதமானாலும் மொத்தமும் தாமதம்.

ஜீரோ பாயிண்டுக்கு முதல் தண்ணீர் வந்தது 1996 செப்டம்பர் 29. கையெழுத்துப் போட்டு 13 வருஷம், பேச்சு ஆரம்பித்து 20 வருஷம். மேடையில் இருந்த மூன்று பேரில் இந்திரா 1984-லும், எம்.ஜி.ஆர். 1987-லும் போய்விட்டார்கள். என்.டி.ஆர். 1996 ஜனவரியில். தண்ணீர் வர எட்டு மாசம்தான் பாக்கி.

மாமா உயிரோடுதான் இருந்தார். 1991-ல் இரண்டு ஏக்கரை விற்றிருந்தார். மீதி இரண்டும் அடுத்த மூன்று வருஷத்தில் போயிற்று. தண்ணீர் வந்த கொஞ்ச நாளில் என்னைக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போனார். எனக்குப் பதினாறு வயசு இருக்கும். நல்ல செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "சொன்னேன் இல்ல, வரும்னு" என்றார். அவ்வளவுதான்.

மூன்று எண்கள்

திருப்பதியில் பி.காம். படிக்கும்போது பெர்ட் என்று ஒன்று வரும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு மறந்தாச்சு. வங்கிக்கு வந்த பிறகுதான் அதன் ருசி தெரிந்தது.

1957-58 வாக்கில் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையைச் செய்துகொண்டிருந்தது. அதுவரை யாரும் செய்யாத வேலை. "எப்போது முடியும்?" என்று கேட்டால் எந்தப் பொறியாளரும் நேர்மையாக ஒரு தேதி சொல்ல முடியாது. அதனால் ஒரு தேதிக்குப் பதில் மூன்று கேட்டார்கள். எல்லாம் நல்லபடி நடந்தால் எவ்வளவு? சாதாரணமாக எவ்வளவு? எல்லாமே சொதப்பினால் எவ்வளவு? நடு எண்ணுக்கு நாலு மடங்கு கனம் கொடுத்து, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்தால் எதிர்பார்க்கும் காலம். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து ஆறால் வகுத்தால், அது எவ்வளவு ஆடும் என்ற அளவு.

ஏறக்குறைய அதே நேரத்தில் டூபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனியும் இதுபோல ஒரு முறையைக் கண்டுபிடித்தது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு எண்தான். காரணம் எளிது. அவர்கள் தொழிற்சாலை கட்டிப் பழகியவர்கள். பழகிய வேலைக்கு ஒரு எண் போதும், பழகாத வேலைக்கு மூன்று வேண்டும்.

ஊரில் வீடு கட்டும் நம் ஆட்களுக்காக ஒரு கணக்கு. எண்களெல்லாம் என் கற்பனை, வாரக் கணக்கில்.

பிளான் அனுமதி: நல்லபடி போனால் 4, சாதாரணமாக 6, சொதப்பினால் 20. பெர்ட் கணக்கு 8.
அஸ்திவாரம்: 3, 4, 8. கணக்கு 4.5.
சுவரும் தளமும்: 10, 14, 24. கணக்கு 15.
பூச்சு, வயரிங், டைல்ஸ்: 8, 10, 24. கணக்கு 12.

மேஸ்திரி உங்களுக்குச் சொல்வது நடு எண்களின் கூட்டல். 34 வாரம். அவர் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு வேலைக்கும் வழக்கமாக ஆவதைத்தான் சொல்கிறார். ஆனால் பெர்ட் கூட்டல் 39.5. ஏன் ஐந்தரை வாரம் கூடுதல்? அனுமதி சீக்கிரம் கிடைத்தால் லாபம் இரண்டு வாரம், இழுத்தால் நஷ்டம் பதினாலு வாரம். நல்லது நடக்க ஒரு எல்லை உண்டு, கெட்டது நடக்க அந்த எல்லை இல்லை.

ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்தால் 31-லிருந்து 49 வாரத்துக்குள் எங்கேயோ முடியும். மேஸ்திரி சொன்ன 34 வாரத்துக்குள் முடிய வாய்ப்பு, நூற்றுக்குப் பதினொன்று. ஆக நாம் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்து, ஐந்து பேருக்கு ஏர் டிக்கெட் போட்டு வைப்பது அந்தப் பதினொன்றை நம்பித்தான்!

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வேலை தாமதமானால் இன்னொன்று தாமதமாகாது, எல்லாம் தனித்தனி என்று அது நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் கையில் காசு இல்லை என்றால் அஸ்திவாரமும் நிற்கும், டைல்ஸும் நிற்கும். எல்லாக் கெட்டதும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கும். அதனால் 49 என்று வந்தால் நான் மனசுக்குள் 60 என்று எழுதிக்கொள்வேன்.

போலாரிஸிலும் இது பாதி நிஜம், பாதி வேஷம் என்று ஹார்வி சபோல்ஸ்கி என்ற ஆய்வாளர் 1972-ல் ஒரு புத்தகமே எழுதினார். வெளியாட்கள் தலையிடாமல் இருக்க அந்தப் படங்களும் கம்ப்யூட்டர் தாள்களும் நல்ல கேடயமாக இருந்தனவாம். வங்கிக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அழகான வண்ணப் படத்தோடு வரும் மனுவைத்தான் நான் இரண்டு தடவை படிப்பேன்.

நம் "அதிகபட்சம்" ஏன் போதாது?

கனடாவில் சில மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள் (1994-ல் வெளிவந்தது). சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள். நிஜத்தில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, கற்பனை செய்த மோசமான நிலைமையைவிட நிஜம் மோசம்!

இதற்கு மருந்தாக டேனியல் கானமன் சொன்னது ரொம்ப எளிது. உன் வேலையை உள்ளேயிருந்து பார்த்துக் கணக்குப் போடாதே. வெளியே வா. இதுபோன்ற வேலைகள் மற்றவர்களுக்கு எவ்வளவு நாள் ஆயின என்று பார்.

சரி, 1983-ல் சத்தியவேட்டு டீக்கடையில் உட்கார்ந்து வெளியே பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அதே கிருஷ்ணாவில் நாகார்ஜுன சாகர். 1955-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1967-ல் கால்வாய்களில் தண்ணீர் விட்டார்கள். 12 வருஷம். அதே நதியில் ஸ்ரீசைலம். 1963-ல் அடிக்கல், மின்சாரம் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். கிட்டத்தட்ட 20 வருஷம். ஆக, கிருஷ்ணாவில் பெரிய வேலை என்றால் 12-லிருந்து 20 வருஷம். எந்தச் சூத்திரமும் வேண்டாம், பழைய பேப்பர் போதும். தெலுங்கு கங்கைக்கு ஆனது 13. வரம்புக்குள் அழகாக உட்காருகிறது, அதுவும் நல்ல பக்கத்தில்!

நம் ஆட்களை மட்டும் குறை சொல்ல வேண்டாம். தினமும் ரயிலில் ஹார்பர் பாலத்தைத் தாண்டும்போது ஆபரா ஹவுஸைப் பார்க்கிறேன். 1959-ல் வேலை ஆரம்பம், 1963-ல் முடிக்கத் திட்டம். திறந்தது 1973. பட்ஜெட் 70 லட்சம் டாலர், செலவு 10 கோடிக்கு மேல். 14 வருஷம். கால்வாயைவிட ஒரு வருஷம் கூடுதல் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-)

காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய ராஜகோபுரம் 2010 மே-யில் இடிந்து விழுந்தது ஞாபகம் இருக்கலாம். புதுக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் 2017 ஜனவரியில். ஆறு வருஷத்துக்கு மேல்.

திருப்பதிக்காரர்களுக்கு இது தெரியும்

உண்மையில் எங்கள் ஊர்ப்பக்கம் இந்த வித்தை புதுசே இல்லை. திருமலையில் தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை. வைகுண்டம் காத்திருப்பு அறைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். அதை வைத்து இவ்வளவு மணி நேரம் என்று தினமும் பேப்பரில் போடுகிறார்கள். என் அவசரமும் பக்தியும் அந்தக் கணக்கில் இல்லை. எனக்கு முன்னால் நிற்கிற கூட்டம்தான் கணக்கு.

இப்போது ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டம்தான். 2023-ல் சந்திரயான்-3 புறப்படுவதற்கு முன் ஜூலை 12-லிருந்து 19-க்குள் என்றுதான் முதலில் சொன்னார்கள். 14-ஆம் தேதி போயிற்று. நிலாவுக்கு ராக்கெட் விடுபவர்களே ஒரு வாரம் இடம் விட்டுச் சொல்கிறார்கள். நமக்கு மட்டும் எதற்கு ஒற்றைத் தேதி?

அந்தக் கால்வாய்கூட இப்போது வரம்பில்தான் பேசுகிறது. கண்டலேறில் மதகைத் திறந்தால், "நாலைந்து நாளில் ஜீரோ பாயிண்டுக்கு வரும்" என்று செய்தி போடுவார்கள். கால்வாய் காய்ந்து கிடந்தால் மண் குடிக்கும், வழியில் வயலுக்கு மோட்டார் போட்டு இறைப்பார்கள், இன்னும் இரண்டு நாள் கூடும். முதல் சில வருஷம் கரையெல்லாம் ஒழுகி, விட்டது பாதி வந்து சேராது. 2002-ல் சத்ய சாயி பாபா அறிவித்து, அவரது அறக்கட்டளை கால்வாயைச் செப்பனிட்டு 2004-ல் முடித்த பிறகு நிலைமை மாறியது. கரை உறுதியானதும் வரம்பும் குறுகியது. அப்படியும் பெரும்பாலான வருஷங்களில் அந்த 12 டிஎம்சி முழுசாக வருவதில்லை.

வரம்பு எதற்கு என்றால்...

"அஞ்சிலிருந்து பதினஞ்சு வருஷம்னு சொல்றதுக்குச் சொல்லாமலே இருக்கலாம்" என்று ஆபீஸில் சிலர் கிண்டல் செய்வதுண்டு. எனக்கு மாமா ஞாபகம் வரும்.

"அடுத்த வருஷம்" என்பவனுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காத்திருப்பது. "பன்னிரண்டு முதல் இருபது" என்று யாராவது மாமாவிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிணற்றை ஆழப்படுத்தியிருப்பார். கடன் ஏழு வருஷத்தில் அடைந்திருக்கும், நிலம் இருந்திருக்கும். தண்ணீர் வந்த நாளில் அதே இடத்தில் நின்று வேறு மாதிரி பார்த்திருப்பார். வரம்பைச் சொன்னால் தண்ணீர் சீக்கிரம் வந்துவிடாது. அதுவரைக்கும் என்ன செய்வது என்று முடிவெடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதுதான் எல்லாமே.

இந்த இடத்தில்தான் எனக்கு என் "ரெண்டு வருஷம்" குத்தியது. சித்தூர் வீட்டு மாடியை அம்மா 2009-லிருந்து காலியாக வைத்திருக்கிறாள். நாங்கள் வந்து இருப்பதற்கு. வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறாள். திருப்பதியில் அக்கா வீட்டோடு வந்து இரு என்று கூப்பிட்டால், "அவன் வந்துட்டா?" என்கிறாள்.

வெளியே வந்து எண்ணிப் பார்த்தேன். என்னோடு அந்த வருஷம் இங்கே வந்த, எனக்குத் தெரிந்த குடும்பங்கள் பதினொன்று. எல்லாருமே ரெண்டு வருஷம் என்று சொன்னவர்கள்தான். ஊருக்குத் திரும்பியது இரண்டு குடும்பம்.

மறுநாள் நானே போன் செய்தேன். "அம்மா, நேத்து சொன்னது தப்பு. சின்னவ படிப்பு முடிய குறைஞ்சது ஆறு வருஷம். அதிகம்னா பன்னெண்டு. வராமலே போனாலும் போகலாம்மா. லீவுக்கு வருஷம் ஒரு தடவை கண்டிப்பா வருவோம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா மாடியை வாடகைக்கு விட்டிருப்பேனே" என்றாள். கோபமா, வருத்தமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "அக்காகிட்ட பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

பி.கு.: மாடிக்கு ஆள் கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்று நேற்று கேட்டேன். "ரெண்டு வாரத்துலயும் வரலாம், ஆடி போய் ஆவணியும் ஆகலாம்" என்றாள். அம்மா பி.காம். படிக்கவில்லை.